குக்கீயும் கொக்கிஸும்

'குக்' என்றால் சமைப்பது. சமைத்து எடுப்பதால் அது 'குக்கீ'. டிசம்பர் பிறந்துவிட்டால் ஏதாவது ஒரு வீட்டு ஓவன் பக்கத்தில் இந்த விளக்கம் காதில் விழும். எழுத்துக்கூட்டலும் ஒத்துப்போகிறது, பொருளும் பொருந்துகிறது, கேட்கிற பிள்ளையும் தலையாட்டிவிடுகிறது. ஆனால் சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: இவ்வளவு சுலபமாகப் பொருந்துகிற விளக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குக்கீக்கும் குக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கிறிஸ்துமஸ் நாட்களில் அமெரிக்க வீடுகளில் விரும்பிச் செய்யும் பண்டங்களில் ஒன்று 'சாக்லேட் மின்ட் சாண்ட்விச் குக்கீ'. கோகோ சேர்த்த மாவைச் சில்லுசில்லாக நறுக்கி ஓவனில் சுட்டு, ஆறியதும் இரண்டு சில்லுகளுக்கு நடுவே பெப்பர்மின்ட் வாசனை ஏற்றிய வெண்ணெய்ச் சர்க்கரைக் கிரீமைத் தடவி ஒட்டுவார்கள். விளிம்பை, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கிறிஸ்துமஸ் மிட்டாய்க் குச்சியின் பொடியில் உருட்டி எடுத்தால் பண்டிகைக் களை வந்துவிடும். இந்தப் பெயரில் நான்கு சொற்கள் இருக்கின்றன. நான்கும் நான்கு துறைமுகங்களில் கப்பலேறியவை. குடும்பத் தலைவரான குக்கீயை முதலில் விசாரிப்போம்.

சமையலுக்கு உறவு பிஸ்கோத்து

ஆங்கிலத்தின் 'குக்' லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே 'கோக்வெரே' என்றால் சமைப்பது. 'கோக்டுஸ்' என்றால் வெந்தது. 'பிஸ்' என்பது இருமுறை. 'பிஸ் கோக்டுஸ்', அதாவது இருமுறை வெந்தது. ஒரு தடவை ரொட்டியாகச் சுட்டதை மறுபடியும் சூட்டில் வைத்து, ஈரம் போகும்வரை உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. நெடுங்கடல் போகிற மாலுமிக்கு அதுதான் கட்டுச்சோறு. இந்த இருமுறை வெந்த ரொட்டியின் பெயர்தான் ஆங்கிலத்தில் 'பிஸ்கட்' ஆனது. போர்ச்சுகீசிய மொழியில் 'பிஸ்கொய்ட்டு' ஆனது.

தமிழுக்கு முதலில் வந்தது ஆங்கிலச் சொல் அல்ல. மேசையும் சாவியும் ஜன்னலும் வந்த அதே போர்ச்சுகீசியக் கப்பலில் வந்து இறங்கியதுதான் நம் 'பிஸ்கோத்து'. ஈழத்தமிழில் அது 'விசுக்கோத்து'. பின்னால் வந்த 'பிஸ்கட்' கடையைப் பிடித்துக்கொண்டதும், மூத்தவரான பிஸ்கோத்து 'போடா பிஸ்கோத்துப் பயலே' என்கிற வசையில் ஒதுங்கிக் காலம் தள்ளுகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் பிஸ்கட்டுக்கு 'ஈரட்டி' என்று பெயர் வைத்தார்கள். அடுதல் என்றால் சமைத்தல்; இருமுறை அட்டது ஈரட்டி. லத்தீன் பொருளை நூல் பிசகாமல் தமிழில் இறக்கிய ஆக்கம். ஒரே ஒரு சங்கடம்: இன்றைய பிஸ்கட் பெரும்பாலும் ஒரு முறைதான் ஓவனுக்குள் போகிறது. பெயரின்படி பார்த்தால், ரொட்டியாக ஒரு தடவையும் துண்டாக ஒரு தடவையும் சுட்டு, நாம் டீயில் முக்கித் தின்கிறோமே, அந்த ரஸ்க்தான் அசல் ஈரட்டி.

ஆக, சமையல்காரரான குக்கின் ரத்த உறவு பிஸ்கோத்துதான். அப்படியென்றால் குக்கீ யார் வீட்டுப் பிள்ளை?

சின்ன கூக்

டச்சு மொழியில் 'கூக்' என்றால் கேக் போன்ற ஒரு பலகாரம். ஆங்கிலத்தின் 'கேக்', பழைய நார்ஸ் மொழியின் 'காகா'விலிருந்து வந்தது. இரண்டும் ஜெர்மானியக் குடும்பத்தின் ஒரே வேரில் கிளைத்த பங்காளிகள். கேக்கையும் லத்தீன் சமையலோடு இணைத்துப் பார்த்த காலம் ஒன்று உண்டு. மொழியியலாளர்கள் பிறகு அதைக் கைவிட்டார்கள்.

டச்சுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். எந்தப் பொருளின் பெயரோடும் 'யெ' என்று ஓர் ஒட்டைச் சேர்த்து அதைச் சின்னதாக்கிவிடுவார்கள். கூக்கோடு இந்த ஒட்டைச் சேர்த்தால் 'கூக்யெ', சின்ன கேக். பேச்சு வழக்கில் அது 'கூக்கி'. நாம் 'குட்டி' என்று சேர்ப்பதைப் போல; அதில் அளவும் இருக்கிறது, கொஞ்சலும் இருக்கிறது.

இந்தச் சின்ன ஒட்டைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் வரை போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் மேசையின் இழுப்பறையை 'லாச்சி' என்பார்கள். டச்சில் இழுப்பறை 'லாட'. சின்ன இழுப்பறை 'லாட்யெ'. அதுதான் லாச்சி. கூக்கில் ஒட்டியிருக்கிற அதே 'யெ' இங்கே 'ச்சி'யாக உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்துக்கு ஈழத்தில் வழங்கும் 'கந்தோர்' டச்சுச் சொல். நாம் பைசாவுக்குச் சொல்கிற 'துட்டு', 'டூய்ட்' என்ற டச்சுச் செப்புக்காசின் பெயர்.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களுக்கு இரண்டு பெரிய வணிகக் கம்பெனிகள் இருந்தன. 1602இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்று, 1621இல் தொடங்கிய மேற்கிந்தியக் கம்பெனி மற்றொன்று. இரண்டு கம்பெனிகளின் கப்பல்களிலும் கூக்யெ பயணம் போனது. எந்தச் சரக்குப் பட்டியலிலும் ஏறாமல், சமைக்கிறவர்கள் நாக்கில் போனது.

மேற்கே போன கப்பல்

மேற்கே போன கம்பெனி ஹட்சன் ஆற்றின் முகத்துவாரத்தில், மன்ஹாட்டன் தீவில் ஓர் ஊரை அமைத்தது. பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். 1664இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி நியூயார்க் என்று பெயரை மாற்றினார்கள். கொடி மாறியது, குடும்பங்கள் மாறவில்லை. டச்சு வீடுகளின் அடுப்படியில் டச்சுச் சொற்களே தொடர்ந்து புழங்கின. முட்டைக்கோஸைச் சீவிச் செய்யும் 'கோல்ஸ்லா' அந்த அடுப்படிச் சொல். 'வாஃபிள்' அந்த அடுப்படிச் சொல். புத்தாண்டுக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, மரஅச்சில் பதித்துச் சுட்ட கூக்கைக் கொடுத்து உபசரிப்பது நியூயார்க் டச்சுக்காரர்களின் வழக்கம். பக்கத்து வீட்டு ஆங்கிலேயரும் அதைத் தின்று, பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

1796இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் 'அமெரிக்கன் குக்கரி' என்றொரு சின்னப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் அமீலியா சிமன்ஸ். தலைப்புப் பக்கத்தில் தன்னை ஓர் அமெரிக்க அநாதை என்று குறிப்பிட்டிருக்கிறார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் புத்தகமாக இது கருதப்படுகிறது. அதில் குக்கீ இருக்கிறது. இன்னொரு குறிப்புக்குத் தலைப்பே கிறிஸ்துமஸ் குக்கீ.

அந்தக் கிறிஸ்துமஸ் குக்கீயின் பக்குவம் தமிழ்ச் சமையலறைக்குச் சுவாரசியமானது. மூன்று பவுண்டு மாவுக்கு ஒரு பவுண்டு வெண்ணெய், ஒன்றரைப் பவுண்டு சர்க்கரை. வாசனைக்கு? சாக்லேட்டும் இல்லை, புதினாவும் இல்லை. ஒரு டீக் கோப்பை நிறையக் கொத்தமல்லி விதைப் பொடி! நாம் சாம்பாருக்கு வறுத்து அரைக்கிற அதே மல்லி. மாவு உப்புவதற்கு, மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரஉப்பைப் பாலில் கரைத்து ஊற்றச் சொல்கிறார். நம் பேக்கிங் சோடாவுக்கு அது மூதாதை. சுட்டு எடுத்ததும் கட்டையாக, வறட்டென்று இருக்கும்; மண்பானையில் போட்டு நிலவறையில் வைத்துவிட்டால் ஆறு மாதத்தில் பதமாகிவிடும் என்பது அவர் தரும் உறுதி. அதாவது கிறிஸ்துமஸ் குக்கீயை ஆனி மாதமே சுட்டு வைத்துவிடலாம்.

பண்டிகையோடு குக்கீயைப் பிணைத்த இன்னொரு சொல்லும் டச்சுதான். டிசம்பர் 5ஆம் தேதி இரவு பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் புனித நிக்கலஸை டச்சுக்காரர்கள் 'சின்டர்கிளாஸ்' என்பார்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் அவர் 'சாண்டா கிளாஸ்' ஆனார். கிறிஸ்துமஸ் இரவில் சாண்டா கிளாஸுக்கென்று அமெரிக்கக் குழந்தைகள் தட்டில் குக்கீ வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்களே, வருகிறவர் பெயரும் டச்சு, வைக்கிற பண்டத்தின் பெயரும் டச்சு.

பிரிட்டனில் இந்தப் பண்டத்துக்குப் பிஸ்கட் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் குக்கீ அந்த இடத்தைப் பிடித்ததும், வேலையிழந்த 'பிஸ்கட்' வேறொரு பண்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. இன்று அமெரிக்க ஓட்டலில் பிஸ்கட் கேட்டால் மெத்தென்ற, உப்புச் சுவையுள்ள ஒரு பன்தான் வரும். இருமுறை வெந்தது என்று பெயர், ஒருமுறை வெந்த பஞ்சுப் பண்டம்!

கிழக்கே வந்த கப்பல்

கிழக்கே வந்த கம்பெனிக்கு வேண்டியிருந்தது இலங்கையின் கறுவாப்பட்டை. போர்ச்சுகீசியரிடமிருந்து 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். சின்டர்கிளாஸ் திருநாளுக்கென்று நெதர்லாந்தில் சுடும் மசாலாக் கூக்யெயின் மணம் இந்தப் பக்கத்துச் சரக்கு: இலங்கையின் கறுவா, இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பு, ஜாதிக்காய். பட்டை அங்கே போனது; பண்டத்தின் பெயர் இங்கே வந்தது.

சிங்களப் புத்தாண்டுத் தட்டில் கட்டாயம் இருக்கவேண்டிய பலகாரம் 'கொக்கிஸ்'. அரிசி மாவைத் தேங்காய்ப் பாலில் கரைத்து, பூவோ சக்கரமோ போன்ற இரும்பு அச்சைக் காய்ந்த எண்ணெயில் சூடாக்கி, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கினால் மொறுமொறுவென்று கழன்று விழும். நமக்குப் புதிதல்ல, தமிழ்நாட்டில் அது அச்சு முறுக்கு, கேரளத்தில் அச்சப்பம். இலங்கையில் மட்டும் அதற்குக் கூக்யெயின் பன்மைப் பெயர், 'கூக்யெஸ்'. அதுதான் கொக்கிஸ்.

அந்தக் கடைசி 'ஸ்' கவனிக்க வேண்டிய எழுத்து. டச்சில் அது பன்மை விகுதி. கடன் வாங்கியவர்களுக்கு இலக்கணமா தெரியும்? தட்டில் குவிந்திருந்ததைக் காட்டி வெள்ளைக்காரர் என்ன சொன்னாரோ அதையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். யார் ஒரே ஒரு கூக்யெயைப் பரிமாறுவார்கள்? 'ஒரு குக்கீஸ் குடுங்க' என்று இன்று நம் பேக்கரியில் கேட்கிற பிள்ளையும் அதே வேலையைத்தான் செய்கிறது. சிப்ஸும் அப்படி ஒருமையானதுதான்.

இலங்கையில் டச்சு ஆட்சி முடிந்த வருடம் 1796. பிப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஹார்ட்ஃபோர்டில் அமீலியா சிமன்ஸின் புத்தகம் அச்சேறிய வருடமும் அதே 1796. ஒரு தற்செயல்தான். ஆனாலும் பாருங்கள்: கூக்யெயைக் கொண்டுவந்தவர்கள் கிழக்கில் கோட்டையை விட்டு வெளியேறிய அதே ஆண்டில், மேற்கில் அது ஆங்கிலப் புத்தகத்துக்குள் நுழைந்தது. நியூ ஆம்ஸ்டர்டாமிலும் ஆட்சி போயிற்று, கொழும்பிலும் ஆட்சி போயிற்று. இரண்டு ஊரிலும் பலகாரத்தின் பெயர் தங்கிவிட்டது.

கதை இதோடு முடியவில்லை. தமிழகத்து ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு கட்டாயம் உண்டு. அவர்கள் அதை 'ரோஸ் குக்கீ' என்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியாக நம் ஊருக்கு வந்த டச்சுப் பெயரும், டச்சுக்காரர் நேரடியாக இலங்கைக்குத் தந்த பெயரும், உலகத்தைச் சுற்றிவிட்டு ஒரே எண்ணெய்ச் சட்டியில் விழுந்தன.

மற்ற மூன்று சொற்கள்

சாண்ட்விச் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் உள்ள ஒரு பழைய துறைமுகம். பழைய ஆங்கிலத்தில் மணற்பாங்கான வணிகக் குடியிருப்பு என்று பொருள். நம் மணல்மேல்குடிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்த ஊரின் பெயரைப் பட்டமாகத் தாங்கிய நான்காம் பிரபு ஜான் மான்டேகு, 1718இல் பிறந்து 1792இல் இறந்தவர். சூதாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல், இரண்டு ரொட்டிக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது பிரபலமான கதை. அலுவலக மேசையில் வேலை மும்முரத்தில்தான் அப்படிச் சாப்பிட்டிருப்பார் என்பது அவருடைய வாழ்க்கையை எழுதியவரின் கட்சி. வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1762 நவம்பர் 24ஆம் தேதி நாட்குறிப்பில், லண்டன் கிளப் ஒன்றில் பெரிய மனிதர்கள் சாண்ட்விச் சாப்பிட்டதை எழுதியிருக்கிறார். உணவின் பெயராக அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலில் கிடைப்பது அங்கேதான். அந்தக் கிளப்பின் பெயர் 'கோகோ மரம்'. சாக்லேட் பானம் விற்கும் கடையாகத் தொடங்கிய இடம். சாக்லேட்டும் சாண்ட்விச்சும் அன்றைக்கே ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கின்றன.

சாக்லேட் என்பது மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் 'கசப்பு நீர்' என்று பொருள்படும் என்பார்கள். இதுவும் குக்கீ-குக் கதையைப் போலத்தான். பழைய நாவாட்டில் ஆவணங்களில் அந்தப் பானத்துக்குக் 'ககவாட்டில்' என்றே பெயர் இருக்கிறது. சாக்லேட்டின் மூலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை. பானத்தை நுரைக்கக் கடையும் மத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி.

சொல் மெக்சிகோவுடையதாக இருந்தாலும், இந்தக் குக்கீயின் கறுப்பு நிறம் டச்சுக்காரர்களுடையது. ஆம்ஸ்டர்டாமின் வான் ஹவுட்டன் குடும்பம் 1828இல், கோகோ விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. பிறகு கோகோவைக் காரஉப்பால் பதப்படுத்தவும் தொடங்கினார்கள். புளிப்பு அடங்கும், நிறம் கறுக்கும். சமையல் குறிப்புகளில் 'டச்சு கோகோ' என்று வருவது இதுதான். இதைப் பயன்படுத்தும்போது பேக்கிங் சோடா மட்டும் போட்டால் பலிக்காது. சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். அந்தப் புளிப்பைத்தான் முன்பே அடக்கியாயிற்றே! ஆகவே பேக்கிங் பவுடர்.

மின்ட் கிரேக்கச் சொல். பாதாள தேவனின் கண்ணில் பட்ட மிந்தே என்னும் நீர்த்தேவதை, அவன் மனைவியின் கோபத்தால் செடியாகிப்போனாள் என்பது புராணம். ஆனால் குக்கீக்குள் வைப்பது வெறும் மின்ட் அல்ல, பெப்பர்மின்ட். நீரோரத்துப் புதினா வகை ஒன்றும் தோட்டத்துப் புதினாவும் கலந்து பிறந்த செடி அது. விதையால் பெருகாது, வேரோடும் தண்டைப் பிரித்து நட்டால்தான் உண்டு. காரமாக இருப்பதால் மிளகைப் பெயரில் சேர்த்தார்கள். 'பெப்பர்' என்ற அந்தச் சொல், லத்தீனில் 'பிப்பெர்', கிரேக்கத்தில் 'பெப்பெரி'. அதற்கும் முன்னால் வடமொழியின் 'பிப்பலி'. நம் திப்பிலி! எந்த மிட்டாயையும் 'பெப்பர்மென்ட்' என்றே அழைத்த தாத்தா தலைமுறை, தெரியாமலே திப்பிலியை வாயில் போட்டுச் சப்பியிருக்கிறது.

பெயரில் தெளிவு வந்தபின் பண்டம் செய்வது எளிது. மைதா 150 கிராம், டச்சு கோகோ 50 கிராம், கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் 120 கிராமும் சர்க்கரை 100 கிராமும் குழைத்து இவற்றோடு சேர்த்து, ஒரு முட்டையின் மஞ்சள் கருவை விட்டுப் பிசைந்து, உருளையாக உருட்டிக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். மெல்லிய சில்லுகளாக நறுக்கி 175 டிகிரி சூட்டில் பத்து நிமிடம். கறுப்பு மாவில் தீய்ந்தது கண்ணுக்குத் தெரியாது. கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். கிரீமுக்கு வெண்ணெய் 60 கிராம், ஐசிங் சர்க்கரை 150 கிராம், பெப்பர்மின்ட் எசென்ஸ் கால் தேக்கரண்டி. எசென்ஸ் கூடினால் பற்பசை. எசென்ஸுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய புதினாக் கட்டை அரைத்துச் சேர்த்தால் சட்னி.

பெயர் மாறிய பண்டம்

இந்த வீட்டுப் பண்டத்துக்குக் கடையில் ஓர் அண்ணன் உண்டு. 1912இல் நேஷனல் பிஸ்கட் கம்பெனி, முன்பு நியூ ஆம்ஸ்டர்டாம் இருந்த அதே மன்ஹாட்டனில் ஓரியோவைத் தயாரிக்கத் தொடங்கியது. அன்று அதன் பெயர் 'ஓரியோ பிஸ்கட்'. 1921இல் 'ஓரியோ சாண்ட்விச்'. 1974இல் 'ஓரியோ சாக்லேட் சாண்ட்விச் குக்கீ'. பண்டம் ஒன்றுதான். லத்தீன் பேரனாகப் பிறந்து, ஆங்கிலப் பிரபுவின் பட்டத்தைச் சூடி, கடைசியில் டச்சுப் பேத்தியாகிவிட்டது. இத்தனைக்கும் கம்பெனியின் பெயரில் பிஸ்கட் இருந்தது; ஊர் வாயில் இருந்த குக்கீதான் வென்றது.

தமிழில் இதற்குப் புதுப்பெயர் தேடவேண்டுமா? மொழிபெயர்த்தால் 'சிற்றப்பம்' என்று வரும், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் துட்டையும் லாச்சியையும் தன்னுடையதாக்கிக்கொண்ட நாவுக்குக் குக்கீ பாரமில்லை. ஆங்கிலத்துக்கே அது இரவல் சொல்தான். நாமும் அதே வீட்டில் வாங்கிக்கொண்டோம், அவ்வளவே. கடைசி 'ஸ்'ஸை மட்டும் விட்டுவிடலாம். ஒன்று என்றால் குக்கீ, பல என்றால் குக்கீகள். கொக்கிஸை மட்டும் திருத்தப் போகாதீர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வந்த விருந்தாளி அது, இனி வீட்டு ஆள்.

அடுத்த டிசம்பரில் யாராவது 'குக் பண்றதாலதான் குக்கீ' என்றால் வாதாட வேண்டாம். அவர் கையில் ஒரு பிஸ்கோத்தைக் கொடுங்கள். குக்கின் உறவுக்காரர் அதுதான்.